ஈர்ப்பலைகள்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்யும் மழையையே பெரிதும் நம்பி வாழும் ஊர்களுள் பாளையம்பட்டியும் ஒன்று. அருப்புக்கோட்டையை அடுத்துள்ள அவ்வூரைச் சுற்றிலும் கரிசல் நிலம் பரந்து கிடக்கின்றது. வற்றாத ஆறு எதுவும் பாயாத அந்த வானம் பார்த்த பூமியில், கண்மாய் நிறைந்தால்தான் மக்கள் மனமும் நிறையும். அவ்வாறு நிறைந்த கண்மாயின் கரையில் நின்று சிறுவன் ஒருவன் கல்லொன்றை வீசுகின்றான். கல் விழுந்த இடத்திலிருந்து சிற்றலைகள் வட்டவட்டமாகப் புறப்படுகின்றன. விரிந்து விரிந்து சென்று மறுகரையை அடைகின்றன. அங்கே மிதந்து கொண்டிருந்த சருகு ஒன்று மெல்ல எழுந்து தாழ்கின்றது. கல் விழுந்ததைக் காணாத ஒருவன் மறுகரையில் இருப்பானாயின், அவனும் அச்சருகின் அசைவைக் கொண்டே நீரில் ஏதோ விழுந்தது என்று அறிந்து கொள்வான். கூர்ந்து நோக்குபவனாயின், விழுந்தது சிறு கல்லா, பெரும் பாறையா என்பதையும் கூறிவிடுவான். அலை என்பது வெறும் அசைவன்று. அது தொலைவிலிருந்து வரும் செய்தி.

நீருக்கு அலை உண்டு. காற்றுக்கு ஒலியாகிய அலை உண்டு. விண்மீன்களையும் கோள்களையும் தன்னுள் தாங்கி நிற்கும் வெளிக்கும் அலை உண்டோ? இவ்வினாவிற்கு விடை காண அறிஞர்களுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின.

பொருள்கள் யாவும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்னும் உண்மையை 1687ஆம் ஆண்டில் நியூட்டன் என்னும் ஆங்கிலப் பேரறிஞர் உலகிற்கு விளக்கினார். மரத்தின் கனி மண்ணில் விழுவதும், திங்கள் பூமியைச் சுற்றுவதும் ஒரே ஆற்றலால் நிகழ்வன என்று அவர் காட்டினார். ஆயினும், இடையில் எவ்வகைப் பிணைப்பும் இன்றி ஞாயிறு பூமியை எவ்வாறு ஈர்க்கின்றது என்பதற்கு அவர் விடை கூறவில்லை. அவ்விடையை 1915ஆம் ஆண்டில் ஐன்ஸ்டீன் கூறினார்.

அருப்புக்கோட்டைப் பகுதி நெசவுத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அங்கு நெய்த துணியொன்றை நான்கு புறமும் இழுத்துக் கட்டி, அதன் நடுவே ஓர் இரும்புக் குண்டை வைத்தால், துணி குழிந்து வளையும். அருகில் ஒரு கோலிக்குண்டை உருட்டினால், அது நேரே செல்லாமல் அக்குழிவைச் சுற்றி வளைந்து செல்லும். இரும்புக் குண்டு கோலிக்குண்டைக் கயிறு கட்டி இழுக்கவில்லை; துணியின் வளைவே அதன் வழியை வகுக்கின்றது. ஞாயிறும் அவ்வாறே தன்னைச் சுற்றியுள்ள வெளியையும் காலத்தையும் வளைக்கின்றது என்றும், அவ்வளைவின் வழியே பூமி செல்கின்றது என்றும் ஐன்ஸ்டீன் விளக்கினார். அடுத்த ஆண்டில், அதாவது 1916இல், அவர் மற்றொரு முடிவையும் வெளியிட்டார். பெரும் பொருள்கள் விரைந்து சுழன்று இயங்கும்போது, வெளியின் வளைவில் எழும் மாற்றம் அலையாகப் பரவிச் செல்லுதல் வேண்டும். அதன் விரைவு ஒளியின் விரைவேயாகும். இவ்வலைகளே ஈர்ப்பலைகள் எனப்படுகின்றன.

ஈர்ப்பலை ஓரிடத்தைக் கடக்கும்போது யாது நிகழும்? துணியொன்றை நீளவாட்டில் இழுத்தால் அதன் அகலம் சுருங்கும். அகலவாட்டில் இழுத்தால் நீளம் சுருங்கும். ஈர்ப்பலையும் வெளியை ஒரு திசையில் நீட்டி, அதற்குக் குறுக்கான திசையில் சுருக்குகின்றது. மறுகணம் நீண்டதைச் சுருக்கிச் சுருங்கியதை நீட்டுகின்றது. ஆனால் அம்மாறுதல் எண்ணிப் பார்க்கவும் இயலாத அளவிற்கு நுண்ணியது. ஞாயிற்றைச் சுற்றி வருகின்ற இப்பேருலகம் ஈர்ப்பலையாக வெளியிடும் ஆற்றல் ஏறக்குறைய 200 வாட்டு மட்டுமே. ஒரு வீட்டின் சில விளக்குகளை எரிப்பதற்கே அது போதுமானது. ஆகவே, அளவிடத்தக்க அலை எழ வேண்டுமாயின், ஞாயிற்றையும் விஞ்சிய எடையுள்ள பொருள்கள் மிகச் சிறிய உருவில் ஒடுங்கி, ஒன்றையொன்று மிக நெருங்கிச் சுழல வேண்டும்.

அத்தகைய பொருள்கள் உண்டு என்பதை அறிவதற்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் தமிழ்க் குடும்பத்தில் தோன்றியவர். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910ஆம் ஆண்டில் லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றார். 1930ஆம் ஆண்டில், மேற்படிப்பிற்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறிச் சென்றபோது அவருக்கு வயது பத்தொன்பது. நெடிய கடற்பயணத்தில் அவர் வீணே பொழுது போக்கவில்லை; விண்மீன்களின் முடிவைப் பற்றிக் கணக்கிட்டுக் கொண்டே சென்றார். எரிந்து தீர்ந்த விண்மீன் ஒன்று ஞாயிற்றைப் போல் ஏறக்குறைய 1.4 மடங்குக்கு மேல் எடையுடையதாயின், அது வெண்குறுமீனாக அமைதி பெற இயலாது. மேலும் மேலும் ஒடுங்கியே தீரும் என்பது அவர் கண்ட முடிவு. 1935ஆம் ஆண்டில் இலண்டன் வானியற் கழகத்தில் அவர் தம் கருத்தை எடுத்துரைத்தபோது, அக்காலத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த எடிங்டன் அதனை எள்ளி நகையாடினார். இளைஞரான சந்திரசேகர் மனம் வருந்தினார்; ஆயினும் தளர்ந்தாரல்லர். அவர் கண்டதே மெய் என்பதைக் காலம் மெய்ப்பித்தது. 1983இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. ஒடுங்கும் விண்மீன்களுள் சில நியூட்ரான் விண்மீன்களாகின்றன. அவற்றினும் எடை மிக்கவை, ஒளியையும் வெளிவிடாத கருந்துளைகளாகின்றன.

ஈர்ப்பலைகளைத் தேடிய வரலாறு வெற்றியில் தொடங்கவில்லை. ஐயத்திலும் தோல்வியிலும் தொடங்கிற்று. இவ்வலைகளை முதலிற் கூறிய ஐன்ஸ்டீனே 1936இல், அவை இல்லை என்று கருதிக் கட்டுரை எழுதினார். பின்னர்த் தம் கணக்கிலுள்ள பிழையை உணர்ந்து திருத்திக் கொண்டார். 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்க அறிஞர் ஜோசப் வெபர் பெரிய அலுமினிய உருளைகளை அமைத்து, அவை ஈர்ப்பலையால் அதிர்கின்றனவா என்று நோக்கினார். 1969இல் தாம் அலைகளைக் கண்டதாகவும் அறிவித்தார். ஆனால் பிறர் அமைத்த உருளைகளில் அவ்வதிர்வு தோன்றவில்லை. தனியொருவர் கண்டதைப் பிறரும் காணும்போதுதான் அறிவியல் அதனை ஏற்கும். வெபரின் முடிவு ஏற்கப்படவில்லை. எனினும், கருவி கொண்டு தேடலாம் என்னும் துணிவை உலகிற்குத் தந்தவர் அவரே.

1974ஆம் ஆண்டில் ஹல்சு, டெய்லர் என்னும் இருவர், ஒன்றையொன்று ஏழே முக்கால் மணி நேரத்திற்கு ஒருமுறை சுற்றிவரும் இரு விண்மீன்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று ஒழுங்காகத் துடிக்கும் நியூட்ரான் விண்மீன். ஆண்டுகள் செல்லச் செல்ல, அவை சுற்றும் பாதை சிறிது சிறிதாகச் சுருங்கி வருவது புலனாயிற்று. ஈர்ப்பலையாக ஆற்றல் வெளியேறினால் எவ்வளவு சுருங்க வேண்டும் என்று ஐன்ஸ்டீனின் கோட்பாடு கூறியதோ, அவ்வளவே அவை சுருங்கின. அலை உண்டு என்பதற்கு இது மறைமுகமான சான்று. இதற்காக அவ்விருவரும் 1993இல் நோபெல் பரிசு பெற்றனர். இனி, அலையை நேரே பற்றுவதே எஞ்சி நின்றது.

அதற்கென அமெரிக்காவில் எழுந்ததே லைகோ என்னும் ஆய்வுக்கூடம். ரெய்னர் வைசு, கிப் தார்ன், ரொனால்டு டிரீவர் ஆகியோர் அதற்கு வித்திட்டனர். பாரி பாரிசு அதனை வளர்த்து உருவாக்கினார். ஆன்போர்டு, லிவிங்சுடன் என்னும் ஈரிடங்களில், ஒன்றற்கொன்று 3,000 கிலோமீட்டர் தொலைவில், ஒரே வகையான இரு கருவிகள் அமைந்துள்ளன. ஒவ்வொன்றும், ஒன்றற்கொன்று செங்குத்தாக நீண்ட இரு கைகளை உடையது. ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளமுள்ள குழாய். அதனுள் காற்று முழுவதும் அகற்றப்பட்டுள்ளது.

இக்கருவி இயங்கும் முறை அறியத்தக்கது. லேசர் ஒளிக்கற்றை ஒன்று இரண்டாகப் பிரிக்கப்பட்டு, இரு கைகளினுள்ளும் செலுத்தப்படுகின்றது. கைகளின் கோடியிலுள்ள ஆடிகளில் பட்டு, இரு கற்றைகளும் திரும்பி வந்து ஒன்று சேர்கின்றன. ஒளியும் அலையே. ஓர் அலையின் மேடு மற்றோர் அலையின் பள்ளத்தோடு பொருந்தினால் இரண்டும் அழிந்து இருள் உண்டாகும். இரு கற்றைகளும் அவ்வாறு பொருந்துமாறு கருவி அமைக்கப்பட்டுள்ளது. ஈர்ப்பலை வந்து ஒரு கையை நீட்டி மற்றதைச் சுருக்கினால், அப்பொருத்தம் குலையும். இருள் இருந்த இடத்தில் ஒளி தோன்றும். அவ்வொளியின் ஏற்றத்தாழ்வே ஈர்ப்பலையின் எழுத்து.

ஆனால் எவ்வளவு நீட்சியை அளக்க வேண்டியுளது! நான்கு கிலோமீட்டர் நீளத்தில் நிகழும் மாற்றம், அணுவின் கருவிலுள்ள ஒரு புரோட்டானின் விட்டத்தில் சில நூற்றில் ஒரு பங்கே. காற்று அடிப்பதும், வண்டி ஓடுவதும், தொலைவிலுள்ள கடலின் அலை கரையில் மோதுவதும் அதனினும் பெரிய நடுக்கத்தை உண்டாக்குகின்றன. ஆகவே, ஒவ்வொன்றும் 40 கிலோகிராம் எடையுள்ள ஆடிகளை நுண்ணிய கண்ணாடி இழைகளில், நான்கு அடுக்கு ஊசலாகத் தொங்கவிட்டனர். கிணற்றில் தொங்கும் வாளியின் கயிற்றை மேலே விரைந்து நடுங்கச் செய்தாலும், கீழேயுள்ள வாளி பெரிதும் அசைவதில்லை. அதே உண்மைதான் ஆடிகளையும் காத்தது. கருவிகள் இரண்டாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஓரிடத்தில் இடி விழுந்தால் ஒரு கருவி மட்டுமே நடுங்கும். விண்ணிலிருந்து வரும் அலையோ இரண்டையும் நடுங்கச் செய்யும். ஊரின் இரு கோடிகளிலும் நிற்கும் இரு காவலர் ஒரே குரலைக் கேட்டதாகக் கூறினால் ஐயத்திற்கு இடமில்லை அன்றோ?

2015ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள். இந்தியாவில் பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். லிவிங்சுடன் கருவியில் அலை ஒன்று பதிந்தது. ஒரு நொடியை ஆயிரமாகப் பகுத்தால் ஏழு பங்கு நேரம் கழித்து, அதே வடிவான அலை ஆன்போர்டு கருவியிலும் பதிந்தது. அது நீடித்த நேரம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மெல்லத் தொடங்கி, விரைந்து மேலேறி, சட்டென்று அடங்கிற்று.

ஆராய்ச்சியாளர் உடனே ஆரவாரம் செய்தாரல்லர். முன்னர் 2010ஆம் ஆண்டில், அவர்களுடைய விழிப்பைச் சோதிப்பதற்காக, அவர்கள் அறியாமலே பொய்ச் செய்தியொன்று கருவிகளில் புகுத்தப்பட்டதுண்டு. இதுவும் அத்தகையதோ என்று முதலில் வினவினர். அன்று என்று தெளிந்தனர். பின்னர் ஐந்து திங்கள் வரை ஒவ்வொரு பொறியையும், ஒவ்வொரு கணக்கையும் சோதித்தனர். சந்தையின் பேரிரைச்சலுக்கிடையே தன் தாயின் குரலைக் குழந்தை அறிந்து கொள்வது, அக்குரல் அதற்கு முன்பே பழகியிருப்பதனால் அன்றோ? அதுபோலவே, ஈர்ப்பலை எவ்வடிவில் வரும் என்பதை முன்பே கணக்கிட்டு வைத்திருந்தால்தான் இரைச்சலிலிருந்து அதனைப் பிரித்தறியலாம். அக்கணக்கினை வகுப்பதில் இந்திய அறிஞர்களான பாலா ஐயர், சஞ்சீவ் துரந்தர், சத்தியபிரகாசு முதலியோர் பல்லாண்டுகள் உழைத்தனர். ஐயம் முற்றும் நீங்கிய பின்னரே, 2016 பிப்ரவரி 11ஆம் நாள், ஈர்ப்பலை காணப்பட்டது என்ற செய்தி உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் வைசு, தார்ன், பாரிசு ஆகிய மூவரும் நோபெல் பரிசு பெற்றனர். டிரீவர் அதற்குச் சில திங்கள் முன்னரே மறைந்துவிட்டார்.

அவ்வலை கொணர்ந்த செய்தி யாது? ஞாயிற்றைப் போல் 36 மடங்கும் 29 மடங்கும் எடையுள்ள இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்று மோதி, 62 மடங்கு எடையுள்ள ஒரே கருந்துளையாயின. முப்பத்தாறும் இருபத்தொன்பதும் அறுபத்தைந்து. எஞ்சிய மூன்று ஞாயிற்றின் பொருண்மை எங்கே போயிற்று? அதுவே ஆற்றலாக மாறி, ஈர்ப்பலையாக வெளிப்போந்தது. அது நிகழ்ந்த இடம் ஏறக்குறைய 130 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. அலை அங்கிருந்து புறப்பட்ட காலத்தில், பூமியில் மரமும் இல்லை, மாந்தரும் இல்லை, கடலில் நுண்ணுயிர்களே வாழ்ந்தன. அது பூமியை வந்தடைந்தபோது, அதனை அறியவல்ல கருவியோடு மனிதன் காத்திருந்தான்.

கருந்துளைகள் ஒளி விடுவதில்லை. ஆதலின், எத்துணைப் பெரிய தொலைநோக்கியாலும் அம்மோதலைக் கண்டிருத்தல் இயலாது. அதுவரையில் மனிதன் விண்ணைக் கண்ணால் கண்டான். அன்று முதல் செவியாலும் கேட்கத் தொடங்கினான் என்று கூறுதல் பொருந்தும்.

2017 ஆகஸ்டு 17ஆம் நாள் மற்றோர் அரிய செய்தி வந்தது. 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதின. ஈர்ப்பலை வந்து 1.7 நொடிக்குப் பின் காமாக்கதிர்களும் வந்தன. 13 கோடி ஆண்டுகள் ஓடி வந்த இரண்டும் இரு நொடிக்குள் அடுத்தடுத்து வந்தமையால், ஈர்ப்பலையும் ஒளியும் ஒரே விரைவின என்பது உறுதியாயிற்று. இத்தாலியிலுள்ள விர்கோ என்னும் மூன்றாம் கருவியும் அப்போது துணை நின்றதனால், மோதல் நிகழ்ந்த திசையை ஓரளவு வரையறுக்க முடிந்தது. உலகெங்குமுள்ள தொலைநோக்கிகள் அத்திசையை நோக்கித் திரும்பின. புனேக்கு அருகிலுள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கியும் அதனை ஆராய்ந்தது. தங்கம், பிளாட்டினம் போன்ற கனமான தனிமங்கள் இத்தகைய மோதல்களில் உண்டாகின்றன என்பதற்கு வலிய சான்று கிடைத்தது. பாளையம்பட்டியில் ஒரு தாய் தன் கழுத்தில் அணிந்துள்ள தாலியின் பொன்னும், பூமி தோன்றுவதற்கு முன்னர், எங்கோ இத்தகைய பேரழிவொன்றில் பிறந்திருக்கக் கூடும் என்பதை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகின்றது.

கோயில் மணியை அடித்தால் அது ஒலித்து ஒலித்து அடங்கும். அவ்வொலியைக் கேட்டே மணி பெரிதா, சிறிதா என்று கூறிவிடலாம். கருந்துளையும் அதிர்வுற்றால் தனக்கேயுரிய தொனியில் ஒலித்து அடங்கும் என்று 1970ஆம் ஆண்டிலேயே பெங்களூரைச் சேர்ந்த விசுவேசுவரா கணக்கிட்டுக் காட்டியிருந்தார். இரு கருந்துளைகள் சேர்ந்தால், சேர்ந்ததன் மேற்பரப்பு முன்னிருந்த இரண்டின் மேற்பரப்புக் கூட்டுத்தொகையை விடக் குறையாது என்று 1971இல் ஆக்கிங் கூறியிருந்தார். 2025ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள், தமிழகம் பொங்கலிட்டு மகிழ்ந்த அந்நாளில், மிகத் தெளிவான அலையொன்று வந்தது. மோதுவதற்கு முன் அவ்விரு கருந்துளைகளின் மேற்பரப்பு ஏறக்குறைய 2,40,000 சதுர கிலோமீட்டர். சேர்ந்த பின் ஏறக்குறைய 4,00,000 சதுர கிலோமீட்டர். அதன் ஒலிப்பும் கணக்கோடு பொருந்திற்று. எழுதுகோலும் தாளும் கொண்டு அறிஞர் இருவர் கண்ட உண்மைகளை, அரை நூற்றாண்டிற்குப் பின் விண்ணே வந்து மெய்யென்று உரைத்தது.

இதுவரை 200க்கும் மேற்பட்ட ஈர்ப்பலைகள் பதிவாகியுள்ளன. எனினும் அவை புறப்பட்ட இடத்தைச் செவ்வையாக அறிதல் இன்னும் அரிதாகவே உளது. இருட்டில் எழும் குரல் எங்கிருந்து வருகின்றது என்பதை இரு செவிகளால் ஓரளவே அறியலாம்; பலர் பலவிடங்களில் நின்று கேட்டால் நன்கு அறியலாம். ஆகவே, உலகின் மற்றொரு பகுதியிலும் ஒரு கருவி தேவையாயிற்று. மகாராட்டிர மாநிலத்தில், இங்கோலி மாவட்டத்து ஔந்தாவில் அது அமையவுள்ளது. 2016இல் கொள்கையளவில் இசைந்த இந்திய அரசு, 2023 ஏப்ரல் திங்களில் ஏறக்குறைய 2,600 கோடி ரூபாய்ச் செலவில் அதனைக் கட்டுவதற்கு முழு ஒப்புதல் அளித்தது. மண்ணின் நடுக்கமும் மக்களின் ஆரவாரமும் குறைந்த இடமே அதற்கு ஏற்றது. பாளையம்பட்டியைப் போன்றே கரிசல் மண்ணும் மழைக்குறைவும் உடைய அம்மராட்டியச் சிற்றூர், விண்ணின் நுண்ணிய ஒலியைக் கேட்கும் செவியாகப் போகின்றது. வளம் குன்றிய நிலம் என்று கருதப்படும் இடமும் அறிவு விளைவதற்கு ஏற்ற நிலமாகலாம் என்பதற்கு இது சான்று.

இக்கருவிகளை அமைக்க நுண்ணிய ஆடி செய்வோரும், குழாய் இணைப்போரும், மின்பொறி வல்லாரும், கணக்கில் தேர்ந்தோரும் வேண்டும். ஈர்ப்பலை ஆராய்ச்சியில் சென்னைக் கணிதக் கழகத்தாரும் பங்கு கொண்டுள்ளனர். இன்று பள்ளியில் பயிலும் மாணவருள் சிலர் நாளை அவ்வரிசையில் சேர்வர்.

கோடைக்காலத்து இரவில், மேகமில்லாத கரிசற்காட்டு வானில் விண்மீன்கள் செறிந்து ஒளிர்கின்றன. கயிற்றுக் கட்டிலில் படுத்து அவற்றை நோக்கும் சிறுவனின் உடலையும் அக்கணத்தில் ஏதேனும் ஓர் ஈர்ப்பலை கடந்து செல்லலாம். அவன் அதனை உணர்வதில்லை. ஆனால் அத்தகைய அலை உண்டு என்பதையும், அது கொணரும் செய்தி இன்னதென்பதையும் மனித அறிவு உணர்ந்துள்ளது. எள்ளப்பட்டும் தளராத சந்திரசேகர், தம் பிழையைத் தாமே திருத்திக் கொண்ட ஐன்ஸ்டீன், ஏற்கப்படாமற் போயினும் வழிகாட்டி நின்ற வெபர் ஆகிய அனைவரின் உழைப்பும் சேர்ந்தே அவ்வறிவு விளைந்தது. கண்மாயின் மறுகரையில் அசைந்த சருகைக் கண்டு, கல் விழுந்ததை உய்த்துணரும் சிறுவனிடத்தும் அதே அறிவின் வித்து உள்ளது. அவ்வித்தைப் பேணி வளர்த்தல் மாணவர் கடன்.